கடையில் சுருண்டு கிடக்கும் ஃபைட்டர் மீனை வாங்கிக் காப்பாற்றலாமா? மலையில் இருப்பவர்களுக்கான பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். குன்னூரில் ஒரு கடை. பறவைக் கூண்டு, நாய் பெல்ட்டோடு மீனும் விற்கிறார்கள். டம்ளர் அளவு டப்பாவில் ஒரு ஃபைட்டர் (பெட்டா மீன்) அடியிலேயே படுத்துக் கிடக்கிறது. பக்கத்துத் தொட்டியில் இரண்டு கோல்டு ஃபிஷ் சாய்ந்து மிதக்கின்றன. கேட்டவர் வீட்டில் இரண்டடித் தொட்டி ஒன்று சும்மா இருக்கிறது. மூன்றையும் வாங்கி வந்து அதில் விட்டால் பிழைக்குமா?

ஃபைட்டர் பெரும்பாலும் பிழைக்கும், தண்ணீரைச் சூடாக வைக்கும் தொட்டி ஹீட்டரை முதலில் வாங்கி மீனைப் பிறகு வாங்கினால். கோல்டு ஃபிஷ்ஷை அந்தத் தொட்டிக்குக் கொண்டுவர வேண்டாம். மூன்றையும் ஒரே தொட்டியில் விடுவது கடையில் நடப்பதை விட மோசமாக முடியும். காரணங்களைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் காசு விஷயம். பரிதாபப்பட்டு முழு விலை கொடுத்தால் கடைக்காரர் கணக்கில் அது விற்ற மீன். சென்னைக் கொளத்தூர் மீன் சந்தையிலிருந்தோ கோவையிலிருந்தோ அடுத்த லோடு ஏறும்போது அதே டப்பாவுக்கு இன்னொரு ஃபைட்டர் வரும். "இது தேறாது போல இருக்கேண்ணா, சும்மா தர்றீங்களா, முயற்சி பண்ணிப் பார்க்கிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். சாகப்போகும் மீனை வைத்திருப்பதில் அவருக்கும் லாபம் இல்லை, பல பேர் கொடுத்துவிடுவார்கள். உணவும் உப்பும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், உறவு கெடாது.

மலைக்கடைகளில் மீன் வாடுவதற்கு முதல் காரணம் அழுக்குத் தண்ணீர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அழுக்கு இரண்டாவதுதான், முதலில் கொல்வது குளிர். ஃபைட்டருக்கு வேண்டியது 25 முதல் 27 டிகிரி. குன்னூரில் மழை நாட்களில் கடைக்குள் வைத்த டப்பாத் தண்ணீர் 16, 17-ல் நிற்கும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி பனியில் 12-க்கும் போகும். அந்தக் குளிரில் ஃபைட்டரின் உடல் கிட்டத்தட்ட நின்றுவிடும்: அடியில் படுக்கும், துடுப்பை ஒட்டிக்கொள்ளும், போட்ட தீனியைத் தொடாது. தொடாத தீனி அழுகி அம்மோனியா ஏறும். ஏப்ரல், மே சீசனை நம்பி இறக்கிய மீன்கள் விற்காமல் ஜூன், ஜூலை மழையில் தேங்கும்போது இது கண்கூடாகத் தெரியும்.

எனவே கடைக்குப் போகும்போது ஒரு சின்ன தெர்மாமீட்டரைக் கையில் எடுத்துப் போங்கள். டப்பாத் தண்ணீர் 18-க்குக் கீழே இருந்து, மீனின் செதில் படிந்தும் வயிறு ஒட்டாமலும் இருந்தால், டப்பாவை லேசாகத் தட்டும்போது மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டு மறுபடி இறங்கினால், அது நோயாளி இல்லை, குளிரில் விறைத்த மீன். அதுதான் எடுக்கத் தகுந்தது. செதில்கள் பலாப்பழத் தோல் போலச் சிலிர்த்து வயிறு ஊதியிருந்தால் அது ட்ராப்ஸி. சிறுநீரகம் போன பிறகுதான் அந்த நிலை வரும், மீள்வது மிக அரிது. முதுகு வளைந்து, தீனி தின்றும் மெலிந்துகொண்டே போகும் கப்பி, நியான் வகைகளை எடுக்கவே வேண்டாம். மீன் காசநோயாக இருக்கலாம், அந்தக் கிருமி கையில் வெட்டுக்காயம் இருந்தால் மனிதத் தோலிலும் ஆறாத புண் உண்டாக்கும். வெண்புள்ளியும் துடுப்பு அரிப்பும் பார்க்கப் பயமாக இருந்தாலும் குணமாகக் கூடியவை.

இனி வீட்டில் தயார் செய்வது. வந்த மீனை நேராகப் பெரிய தொட்டியில் விடாதீர்கள். 20 லிட்டர் பக்கெட் ஒன்று, வெளிர் நிறமாக இருந்தால் மீனின் கழிவும் புள்ளியும் தெரியும். சோப்பு, பினாயில் எதுவும் படாத புதுப் பக்கெட்டாக இருக்கட்டும். 50 வாட் ஹீட்டர், தெர்மாமீட்டர், சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதற்கு ஏர் மோட்டார், மேலே மூடி. ஹீட்டர் பிளாஸ்டிக்கைத் தொடக் கூடாது, உருகும். உறை போட்ட ஹீட்டர் வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒரு ஓட்டுத் துண்டின் மேல் படுக்க வையுங்கள். ஹீட்டரில் எழுதியிருக்கும் டிகிரியை நம்பாதீர்கள், இரண்டு மூன்று டிகிரி முன்பின் இருக்கும். தெர்மாமீட்டர் சொல்வதுதான் கணக்கு.

மூடி ஃபைட்டருக்குக் கட்டாயம். அது தண்ணீருக்கு மேலே வந்து காற்றை நேராக விழுங்கும் மீன். தண்ணீர் 26 டிகிரியும் மேலே காற்று 13 டிகிரியும் என்றால் ஒவ்வொரு முறையும் சில்லென்ற காற்று உள்ளே போகும். மூடியிருந்தால் தண்ணீருக்கும் மூடிக்கும் இடையிலுள்ள காற்று வெதுவெதுப்பாகவே இருக்கும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதை நீக்கும் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) 10 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து ஒரு பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீருக்கு அதில் 1 மில்லி, 10 லிட்டர் வாளிக்கு 10 மில்லி. ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்று கீழே சமவெளியில் சொல்வார்கள். குளிர்ந்த தண்ணீரில் அது மெதுவாகத்தான் வெளியேறும், இங்கே ஹைப்போவே நல்லது.

தண்ணீரைச் சூடாக்குவதில் ஒரு கணக்கு உண்டு. குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். குழாயில் வருவது 14 டிகிரி என்றால், 8.5 லிட்டர் குளிர்ந்த தண்ணீருக்கு 1.5 லிட்டர் கொதிநீர் ஊற்றினால் 10 லிட்டர் 26 டிகிரியில் கிடைக்கும். ஊற்றிய உடனே மீனுக்குக் கொடுக்காதீர்கள். குளிர்ந்த தண்ணீரில் நிறையக் காற்று கரைந்திருக்கும், சூடானதும் அது குமிழியாக வெளியே வரும். அந்த நேரத்தில் மீன் உள்ளே இருந்தால் துடுப்பிலும் கண்ணிலும் பொடிப்பொடியாகக் குமிழி உட்காரும், உடம்புக்குள்ளும் உண்டாகும். ஏர் ஸ்டோன் (ஏர் மோட்டார் குழாயின் முனையில் மாட்டும் குமிழிக் கல்) போட்டு 20 நிமிடம் கலக்கிவிட்டு, பக்கெட் ஓரத்தில் குமிழி ஒட்டுவது நின்ற பிறகு பயன்படுத்துங்கள். தண்ணீர் மாற்றிய மறுநாள் காரணமே தெரியாமல் மீன் போய்விட்டது என்று மலையூர்களில் கேட்கும் புலம்பலுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மீனைக் கொண்டுவர மூடியுள்ள டப்பாவோ தூக்குவாளியோ எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பைக்குக் கெடுபிடி உள்ள மாவட்டம் என்பது ஒன்று, பையை விட வாளியில் சூடு தங்கும் என்பது இன்னொன்று. அதைத் துண்டில் சுற்றி ஒரு தெர்மோகோல் பெட்டியில் வைத்தால் போதும்.

இந்த இடத்தில்தான் நல்ல மனசு மீனைக் கொல்லும். 16 டிகிரியில் இருந்த மீனை, பாவம் நடுங்குகிறதே என்று நேராக 26-ல் விடுவது. பக்கெட் தண்ணீரும் கடைத் தண்ணீரின் டிகிரியிலேயே தொடங்கட்டும். மணிக்கு ஒரு டிகிரி வீதம் ஏற்றுங்கள். பெரும்பாலான ஹீட்டர்கள் 18, 20-க்குக் கீழே இறங்காது, அதனால் முதல் சில மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீர் கலந்து ஏற்றிவிட்டுப் பிறகு ஹீட்டரைப் போடலாம். காலையில் ஆரம்பித்தால் இரவுக்குள் 26 வந்துவிடும். அன்று நேரம் இல்லாதவர்கள் மீனை மறுநாள் எடுத்து வரலாம்.

முதல் நாள் தீனி கிடையாது. இரண்டாம் நாள் இரண்டு பெல்லட், ஊற வைத்து. தின்றால் மறுநாளிலிருந்து காலை இரண்டு, மாலை இரண்டு. தின்னாததை ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். பக்கெட்டில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா இன்னும் வளராததால் தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை அதே டிகிரியில் மாற்றுங்கள். மாற்றுவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஹீட்டர் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். சூடான கண்ணாடிக் குழாய் தண்ணீருக்கு வெளியே வந்து, மேலே குளிர்ந்த தண்ணீர் பட்டால் படீரென்று வெடிக்கும். அதில் கரண்ட் வேறு இருக்கிறது.

கல் உப்பு லிட்டருக்கு 1 கிராம், அதாவது 20 லிட்டருக்கு 20 கிராம், ஏறக்குறைய நான்கு டீஸ்பூன். கரைத்து இரண்டு தவணையாகச் சேர்த்தால் துடுப்பு அரிப்புக்கும் பொதுவான சோர்வுக்கும் அதுவே போதும். தண்ணீர் மாற்றும்போது எடுத்த அளவுக்கு மட்டுமே உப்பு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் கடல் நீராகிவிடும். மெத்திலீன் புளூ என்ற நீல மருந்தை இந்தப் பக்கெட்டில் மட்டும் பயன்படுத்தலாம், பெரிய தொட்டியில் ஊற்றினால் ஃபில்டர் பாக்டீரியாவும் போய்விடும். கண்ட ஆன்டிபயாட்டிக் கேப்சூலைப் பிரித்துக் கொட்டுவதை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது நான்காவது நாளில் உடம்பெல்லாம் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளி வரலாம். "ஹீட்டர் போட்டேன், நோய் வந்துவிட்டது" என்று சொல்லி ஹீட்டரைக் கழற்றிவிடுவார்கள். ஒட்டுண்ணி கடையிலேயே ஏறியிருக்கும், குளிரில் அதன் வளர்ச்சியும் தூங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். 15 டிகிரியில் வாரக்கணக்கில் இழுக்கும் அதன் சுற்று, 26-ல் ஒரு வாரத்துக்குள் முடியும். மீன் மேல் ஒட்டியிருக்கும்போது எந்த மருந்தும் அதைத் தொடாது, உதிர்ந்து தண்ணீரில் பெருகி நீந்தும்போதுதான் சாகும். அதனால் ஹீட்டரைக் கழற்றாமல் 29 வரை மெல்ல ஏற்றி, உப்பை லிட்டருக்கு 2 கிராமாக்கி, ஏர் ஸ்டோனை ஓட விடுங்கள். புள்ளி மறைந்த பிறகும் பத்து நாள் தொடர வேண்டும். ஏர் ஸ்டோன் ஏன் என்றால், இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். 26 டிகிரித் தண்ணீர் சென்னையில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும் என்றால் இங்கே ஆறரைதான். ஃபைட்டர் மேலே வந்து சமாளித்துக்கொள்ளும், மற்ற மீன்களுக்கு அந்த வசதி இல்லை.

மீன் பக்கெட்டில் தேறும் மூன்று நான்கு வாரத்தில் பெரிய தொட்டியைத் தயார் செய்யலாம். 24 × 12 × 12 அங்குலத் தொட்டியில் கல் போட்டபின் 45 லிட்டர் நிற்கும். இரண்டு நாள் வெறும் தண்ணீர் நிரப்பி ஒழுக்குப் பாருங்கள். பழைய தொட்டியில் சிலிக்கான் காய்ந்து மூலையில் கசியும். அடியிலும் மூன்று பக்கமும் தெர்மோகோல் ஒட்டி, மேலே கண்ணாடி மூடி போட்டால் கரண்ட் செலவு நன்றாகக் குறையும். கீழே லிட்டருக்கு ஒரு வாட் போதும் என்பார்கள், இங்கே இரண்டு வாட் வேண்டும். 45 லிட்டருக்கு 100 வாட், அதையும் 50 வாட்டாக இரண்டு போட்டால் ஒன்று பழுதானாலும் மீன் பிழைக்கும். 300 வாட் ஒன்று போட்டு அது அணையாமல் மாட்டிக்கொண்டால் குழம்புதான். 100 வாட் பாதி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 1.2 யூனிட், இரண்டு மாத பில்லில் 72 யூனிட் கூடும். அந்தச் செலவுக்கு வீட்டில் சம்மதம் வாங்கிய பிறகு மீனைக் கொண்டுவருவது நல்லது.

தெரிந்தவர் வீட்டுத் தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கிப் போட்டால் பாக்டீரியா சீக்கிரம் பிடிக்கும். அவர் தொட்டியில் நோய் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாக வளர வேண்டுமென்றால் 26 டிகிரியில் நான்கு முதல் ஆறு வாரம், ஹீட்டர் இல்லாத தொட்டியில் இரண்டு மாதமும் போதாது. மலைத் தண்ணீர் மென்மையானது, உப்புச்சத்து குறைவு. ஃபைட்டருக்கு அது பிடிக்கும். ஆனால் அமிலத்தைத் தாங்கும் சக்தி அந்தத் தண்ணீரில் இல்லாததால் மாதக்கணக்கில் மாற்றாமல் விட்டால் பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) சரிந்து, ஃபில்டர் பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். ஒரு பிடி கிளிஞ்சலைக் கழுவித் துணிப்பையில் கட்டி ஃபில்டர் பக்கத்தில் போட்டால் மெல்லக் கரைந்து தாங்கும். அவசரத்துக்கு 45 லிட்டருக்கு அரை டீஸ்பூன் சமையல் சோடா, இரண்டு நாளாகப் பிரித்து. ஒரு எச்சரிக்கை: அம்மோனியா ஏறியிருக்கும் பழைய தண்ணீரில் சோடாவைப் போடாதீர்கள். பிஎச் 7-ல் அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது, பிஎச் 8-ல் ஐந்து பங்குக்கு மேல் விஷமாகிவிடும். முதலில் பாதித் தண்ணீர் மாற்றம், பிறகு சோடா.

மழைக்காலத்தில் மரம் விழுந்து நாள் முழுக்கக் கரண்ட் இல்லாமல் போவது இங்கே புதிதல்ல. தெர்மோகோல் ஒட்டிய தொட்டியில் கம்பளியும் சுற்றினால் மணிக்கு ஒரு டிகிரிக்குள்தான் இறங்கும். ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டிலில் கொதிநீர் நிரப்பி, மூடி இறுக்கி, தொட்டிக்குள் இறக்கினால் 45 லிட்டரையும் ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றும். ஃபிளாஸ்க்கை இறக்காதீர்கள், அது சூட்டை வெளியே விடாமல் இருக்கத்தான் செய்தது.

இப்போது அந்த இரண்டு கோல்டு ஃபிஷ். அவற்றுக்குக் குளிர் பிரச்சினையே இல்லை, 16 முதல் 20 டிகிரி அவற்றுக்குச் சுகம். சாய்ந்து மிதப்பது மலச்சிக்கலாலோ அம்மோனியாவாலோ இருக்கலாம். துடுப்பில் சிவப்பு நரம்பு தெரிந்தால் பெரும்பாலும் இரண்டாவது. உருண்டை வயிற்று வகை என்றாலும் இரண்டுக்கு 80 முதல் 100 லிட்டர் வேண்டும், நீள வால் காமெட் என்றால் குளம்தான். பத்து வருஷம் வாழும் மீன் அது. ஃபைட்டருக்கு வேண்டிய 26 டிகிரியில் அது மூச்சு வாங்கும், அது போடும் கழிவில் ஃபைட்டர் மூழ்கும். கடையிலேயே அவற்றுக்கு உதவலாம்: இரண்டு நாள் பட்டினி, பிறகு வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணி ஒன்றைப் பாதியாக்கி இரண்டுக்கும், தினமும் பாதித் தண்ணீர் மாற்றம். ஊட்டிப் பட்டாணி விளையும் ஊரில் இதைச் சொன்னால் கடைக்காரர் சிரிப்பார், ஆனால் செய்து பார்ப்பார். எஸ்டேட் பங்களாவில் சிமெண்ட் குளம் வைத்திருப்பவர் யாராவது தெரிந்தால் அங்கே அனுப்ப வழி பாருங்கள்.

வைத்துக்கொள்ள முடியாத மீனை ஏரியிலோ ஓடையிலோ விடாதீர்கள். ஃபைட்டர் குளிரில் விறைத்துச் சாகும். கோல்டு ஃபிஷ் சாகாது, அதுதான் ஆபத்து. அது குளிர்நீர் மீன், சேற்றைக் கிளறும், மற்ற மீன்களின் முட்டையைத் தின்னும், பெருகும். 1874-ல் டென்ச் என்ற ஐரோப்பிய மீன், 1939-ல் இலங்கையிலிருந்து ஜெர்மன் கெண்டை என்று நீலகிரி நீரில் வெளியூர் மீன்களை இறக்கிய வரலாறு ஏற்கெனவே நீளமானது. கொடைக்கானல் ஏரிக்கும் இதே பேச்சுதான்.

தேறாது என்று உறுதியாகத் தெரிந்த மீனை ஃப்ரீசரில் வைப்பதும் கழிப்பறையில் ஊற்றுவதும் கொடுமை. மெடிக்கலில் கிடைக்கும் கிராம்பு எண்ணெய் பத்துச் சொட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் மூடியோடு குலுக்கிப் பால் போல ஆக்கிக்கொள்ளுங்கள். மீனை ஒரு லிட்டர் தண்ணீரில் விட்டு அதில் கொஞ்சம் ஊற்றினால் மயங்கும், மயங்கியபின் மீதியை ஊற்றுங்கள். செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு மண்ணில் புதையுங்கள்.

புகார் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் மனிதரைத் தவிர எல்லா உயிரும் விலங்குதான், மீனும் அதில் அடங்கும். நெரிசலில் வதைபடும் உயிரை விற்பனைக்கு வைப்பது 11-ஆம் பிரிவில் குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரை! ஒரு ஜோடி ஃபைட்டர் விலை அதைவிட அதிகம். 2018-ல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகள் கடை மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும் என்கின்றன, கால்நடை பராமரிப்புத் துறையில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அடுத்த வாரமே டப்பாத் தண்ணீர் வெதுவெதுப்பாக வேண்டுமென்றால் பேச வேண்டியது கடைக்காரரிடம், அதுவும் நஷ்டக் கணக்கில்.

அவருக்குச் சொல்ல வேண்டியது இது. பழம் வரும் தெர்மோகோல் பெட்டி ஒன்று, உள்ளே ஒழுகாமல் தடித்த பிளாஸ்டிக் ஷீட், 12 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர், அதில் ஒரு 50 வாட் ஹீட்டரை ஓட்டுத் துண்டின் மேல் படுக்க வைத்து 26-ல் நிறுத்துங்கள். ஃபைட்டர் இருக்கும் ஒரு லிட்டர் பாட்டில்களை வாய் வெளியே தெரியும்படி அந்தத் தண்ணீரில் நிற்க வைத்தால் பத்துப் பாட்டிலும் ஒரே ஹீட்டரில் சூடாக இருக்கும், மீன்களும் ஒன்றோடொன்று சண்டையிடாது. அட்டை மூடி போட்டு, மாற்றுத் தண்ணீரையும் அதே பெட்டிக்குள் பாட்டில்களில் வைத்துக்கொண்டால் தினம் பாதித் தண்ணீர் மாற்றப் பத்து நிமிடம் ஆகாது. லோடு வரும்போது பையை இறுக்கி ஊதிக் கட்ட வேண்டாம் என்று கீழே சொல்லச் சொல்லுங்கள், மேட்டுப்பாளையத்தில் கட்டிய பை குன்னூர் ஏறுவதற்குள் ஐந்தில் ஒரு பங்கு உப்பி, ரப்பர் பேண்ட் கழன்றுவிடும். பெட்டி தயாரான முதல் வாரம் நீங்களே ஒரு முறை போய்த் தெர்மாமீட்டரை நடுப் பாட்டிலிலும் ஓரப் பாட்டிலிலும் விட்டுப் பாருங்கள். ஓரத்தில் இரண்டு டிகிரிக்கு மேல் குறைந்தால் பெட்டிக்குள் ஒரு ஏர் ஸ்டோன் போட்டுத் தண்ணீரைச் சுழல விட்டால் சரியாகிவிடும்.